ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள்

வால்பாறை மலை ரோட்டில் பைக்கில் வந்த டூரிஸ்ட்டுகளை ஒரு பஸ் டிரைவர் திட்டுகிற அந்த வீடியோவை நாலு நாளாகப் பத்துப் பதினைந்து பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "உங்க ஊர் டிரைவர் என்ன பேச்சுப் பேசுறார் பாருங்க" என்று. பார்த்தேன். டிரைவர் கத்துவதிலிருந்துதான் வீடியோவே தொடங்குகிறது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் ஓரத்தில் தெரிகிறதே, வளைவில் வரிசையாக நாலு பைக், ரோட்டின் நடுவில் ஒரு கேமரா டிரைபாட். பஸ் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது போதும்.

மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இது நாங்கள் எங்கள் வசதிக்குச் சொல்லிக்கொண்டது இல்லை, சாலை விதியிலேயே இருக்கிறது. வளைவில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதும் இருக்கிறது.

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் மாதிரி நீளமான வண்டி அதில் திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும். வெளி ஓரம் வரைக்கும் போய் ஒடித்தால்தான் பின் சக்கரம் உள் ஓரத்தில் இறங்காமல் வரும். அந்த நேரத்தில் பாதி வளைவில் நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கிற அத்தனை பேர் பாரத்தோடும் பின்னால் உருளாமல் மறுபடி வண்டியை எடுக்க வேண்டும். ஒரு அடி பின்னால் போனாலே பாட்டிகள் "முருகா" என்று கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். அதை அனுபவித்தவர்களுக்கு அந்த டிரைவரின் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

அவர் பேசிய வார்த்தை தப்பு என்கிறீர்கள். சரி, தப்புதான். ஆனால் நாலு நாளாக அதை மட்டுமே பேசுகிறீர்களே, டிரைபாடைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே, ஏன்?

"ரோடு எல்லாருக்கும் பொது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொதுதான். அதனால்தான் நடுவில் நிற்காதீர்கள் என்கிறேன்.

"டூரிஸ்ட் வராவிட்டால் உங்கள் பிழைப்பு என்ன ஆகும்" என்று கேட்டவருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டூரிஸ்ட் வருவதற்கு முன்னாலும் இங்கே மனிதர்கள் இருந்தார்கள். என் அம்மா முப்பது வருஷம் தேயிலை பறித்தவர். மழையில் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். லாட்ஜும் ஹோம் ஸ்டேவும் பலருக்குச் சோறு போடுகின்றன, மறுக்கவில்லை. அதற்காக எங்கள் ரோட்டை விலைக்கு வாங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ராத்திரியில் நெஞ்சு வலி. விடிகாலையில் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினோம். பொள்ளாச்சி பக்கம் இறங்க வேறு வழி எங்களுக்கு இல்லை. நான் ஒரு கையால் குளுக்கோஸ் பாட்டிலையும் இன்னொரு கையால் அப்பாவின் தோளையும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சரியும். ஒன்பதாவது வளைவுக்கு வந்தபோது, நீங்கள் எல்லாரும் போட்டோ எடுக்கிற அதே லோம்ஸ் வியூ பாயின்ட்டில், இரண்டு கார்கள் பாதி ரோட்டை அடைத்து நின்றன. கார்க்காரர்கள் ஓரச் சுவரில் நின்று வரையாட்டுக்கு சிப்ஸ் நீட்டிக்கொண்டிருந்தார்கள். சைரன் கேட்டும் ஒரு பையன் கையைக் காட்டி "ஒரு நிமிஷம்ணா" என்றான். கோபமாகக் கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்த ஒரு நிமிஷம் அப்பாவின் உதடு என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா பிழைத்துக்கொண்டார். அதனால் அந்தப் பையன் செய்தது சரியாகிவிடாது.

எல்லா ரைடரும் அப்படி இல்லை என்று வரப்போகிறீர்கள். தெரியும். நானே பைக் ஓட்டுகிறவன்தான். ஏறின கியரிலேயே இறங்கு, பிரேக்கையே நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காது, வளைவுக்கு முன்னால் ஹாரன் அடி என்று சொல்லிக்கொடுத்ததே இந்த ரூட்டில் ஓடிய ஒரு பஸ் டிரைவர் அண்ணன்தான். பனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாத ரோடு இது. அதில் வருஷக்கணக்காக எங்களை ஏற்றி இறக்குகிறவர்களை நாற்பது செகண்ட் வீடியோவில் ரவுடி ஆக்கிவிட்டீர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். யாரிடம்? ஏறி வந்த பஸ்ஸை மறித்து நின்றவர்களிடமா?

அழகான ரோடுதான். கீழே ஆழியாறு அணை தெரிகிற இடத்தில் எனக்கும் இன்னும் நிற்கத் தோன்றும். நில்லுங்கள். வண்டியை ஒதுக்கி நிறுத்த அகலமான இடம் இருக்கிறது, அங்கே விட்டுவிட்டு நடந்து வந்து நில்லுங்கள். வளைவில் மட்டும் வேண்டாம்.

அடுத்த வாரம் அப்பாவை செக்கப்புக்குக் கூட்டிப் போகிறேன். இப்போதும் பஸ்ஸில்தான், ஜன்னல் ஓரம், கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு. சாயங்காலம் திரும்பி ஏறி வருவோம். அப்போது எதிரே வருகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.