ஒப்புகை அட்டை இருக்கிறதா?

நல்ல வக்கீல் கிடைத்தால் பொதுநல வழக்கில் பாதி வெற்றி என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏரி ஆக்கிரமிப்புக்காக நாங்கள் போனபோது வக்கீல் கேட்ட முதல் கேள்வியே, "கலெக்டருக்கு மனு கொடுத்த ஒப்புகை அட்டை இருக்கா?" என்பதுதான். மனு போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்தோடு திரும்பி வரும் தபால் அட்டை அது. எங்களிடம் இல்லை. அப்புறம் பதிவுத் தபாலில் மனு, தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாள் காத்திருப்பு, அ-பதிவேடு (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கு), புல வரைபடம் (நிலத்தின் அளவு, எல்லை காட்டும் படம்) என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அவசரப்பட்டு அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், 'மனுவைப் பரிசீலியுங்கள்' என்ற ஒற்றை வரி உத்தரவோடு திரும்பியிருப்போம்.

சரி, ஜெயித்தால் முடிந்ததா? பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்கு எதிராக வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. அதே பாலாற்றுக்காக 2025-லும் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.