அக்கா சும்மா இருக்கவில்லை

அக்காவின் முப்பதாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. "கேஸ் போடுறாங்களாம். செத்தவளை வெச்சுக் காசு பார்க்கப் போறாங்க." சொன்னவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. இப்போது அந்த விபத்து இழப்பீட்டு கேஸ் முடிந்து பணமும் வந்துவிட்டது. இதே பேச்சுக்குப் பயந்து இன்னொரு குடும்பம் பின்வாங்கிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். அக்காவுக்கு 43 வயது. காலையில் பால் கேனோடு சொசைட்டிக்கு ரோட்டோரமாக நடந்து போனவளைப் பின்னால் வந்த சரக்கு வேன் அடித்துவிட்டது. டிரைவர் போனில் பேசிக்கொண்டே வந்ததை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கேன் நசுங்கிக் கிடந்தது. தார் ரோட்டில் பால் காய்ந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

போஸ்ட்மார்ட்டம் வாசலிலேயே முன்பின் தெரியாத ஒருவர் வக்காலத்துத் தாளை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க, வர்றதுல முப்பது பர்சன்ட் கொடுத்தாப் போதும்." மாமா இருந்த நிலையில் போட்டிருப்பார், நான்தான் தடுத்தேன். இப்படி வரும் தொகையில் பங்கு பேசுவதற்கு வக்கீல்களின் நடத்தை விதியிலேயே இடம் கிடையாது.

அப்புறம் தெரிந்த வக்கீல் மூலம் மனு போட்டோம். எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் என்று எல்லாம் சேர்ந்தது. தொழில் என்ற இடத்தில் மட்டும் 'இல்லத்தரசி' என்று ஒரே வார்த்தை.

குறுக்கு விசாரணையில் வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் பிடித்துக்கொண்டது அந்த வார்த்தையைத்தான். மாமாவின் வாக்குமூலத்தில் இப்படி டைப் ஆனது: "என் மனைவி எந்த வேலைக்கும் செல்லவில்லை என்றால் சரிதான். பால் கணக்கு என் பெயரில் உள்ளது என்றால் சரிதான்." படித்துப் பார்த்து அடியில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு மாட்டையும் அவதான மாப்ள வளத்தா" என்றார்.

விடியக் காலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, புல்லறுத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, ரெண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். ஆனால் சொசைட்டி அட்டையில் மாமா பெயர், பேங்க் பாஸ்புக்கில் மாமா பெயர். கோர்ட்டில் காட்ட அவள் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. டெல்லியில் பைக்கில் போன கணவனும் மனைவியும் இறந்த வழக்கில், 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வீட்டு வேலைக்கும் வருமானம் கணக்கிட வேண்டும், எதிர்கால உயர்வையும் அதோடு சேர்க்க வேண்டும் என்றது. நீதிபதி என்.வி. ரமணா அதில் 2019 கணக்கெடுப்பு ஒன்றை எடுத்துக் காட்டினார்: சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம்.

ஆனால் அந்த மாத வருமானம் எவ்வளவு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மாதம் 10,000 என்று எடுத்தால், எதிர்கால உயர்வாக அக்கா வயதுக்கு 25 சதவீதம் கூட்டி 12,500. நாலு பேர் அவளை நம்பி இருந்ததால் அவளுடைய சொந்தச் செலவுக்கென்று கால் பங்கு கழித்து 9,375. அதைப் பன்னிரண்டால் பெருக்கி, இழப்பீட்டுக் கணக்கில் 43 வயதுக்கென்று வைத்திருக்கும் 14 என்ற எண்ணாலும் பெருக்கினால் 15,75,000 ரூபாய். 'வீட்டில் சும்மா இருந்தார்' என்று சொல்லி மாதம் 5,000 என்றாக்கினால் அப்படியே பாதி போய்விடும். அந்த 'சும்மா'வுக்கு விலை ஏறக்குறைய எட்டு லட்சம்.

வக்கீல் சொன்னதால் ஒரு ராத்திரி உட்கார்ந்து அக்கா செய்த வேலைகளை எழுதினோம். நோட்டில் மூன்று பக்கம் வந்தது. கடைசியில் அவள் மகள் நோட்டை வாங்கி, 'எனக்கு ரெட்டைச் சடை போடுவாங்க' என்று எழுதினாள். அதற்குமேல் எங்களால் எழுத முடியவில்லை. அடுத்த வாய்தாவுக்கு சொசைட்டிச் செயலாளரைச் சாட்சியாகக் கூப்பிட்டோம். "அட்டை அவர் பேருல இருந்தாலும் தினமும் பால் ஊத்துனது அந்தம்மாதான்" என்று சொன்னார். தீர்ப்பில் மாதம் 9,000 என்று எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பங்கு 18 வயது வரை பேங்கில் டெபாசிட். எங்கள் விஷயத்திலாவது அந்த வேனுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. அரசு பஸ் மோதி இறந்தவர்களின் வீட்டார், தீர்ப்பு வந்த பிறகும் பஸ்ஸை ஜப்தி செய்துதான் பணம் வாங்க வேண்டியிருக்கிறது என்று அடிக்கடி செய்தியில் பார்க்கிறோம்.

அது பிச்சைக் காசு இல்லை, பிணத்தை விற்ற காசும் இல்லை. ஒருவனுடைய அலட்சியத்தால் அந்த வீட்டில் என்ன போனது என்பதற்கான கணக்கு. அதைக் கேட்காமல் விட்டால், அவள் ஒன்றுமே செய்யவில்லை என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இப்போது விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. கேஸ் போடுவது பெண் என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். வாரிசுச் சான்றிதழுக்கு அலைய ஆள் இல்லாத வீடு யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். தாலுகா ஆபீசுக்கு நானே கூட வருகிறேன்.