புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது, தயங்காமல் நேரில் போங்கள்

"புற்றுநோயாளியைப் பராமரிப்பவருக்கும் அது ஒட்டிக்கொள்ளும், வீடியோ காலில் மட்டும் பேசுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தொடுவதாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ, அருகில் மூச்சு விடுவதாலோ புற்றுநோய் பரவாது. எச்பிவி, ஹெபடைடிஸ் பி போன்ற வைரஸ்கள் சில வழிகளில் பரவும், பிற்பாடு அவை புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே பரவுவது வைரஸ்தான். அமெரிக்கப் புற்றுநோய் சங்கத்தின் இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம்.

உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் போகாதீர்கள். கீமோ எனும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை எடுப்பவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அப்போது வீடியோ கால் போதும். மற்றபடி, போனில் எல்லோரும் பார்க்கும் ஒரு நாட்காட்டி வைத்து, யார் எப்போது துணைக்கு இருப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் விழித்திருந்தவர் கொஞ்சம் தூங்க வேண்டுமே, அதற்கு ஆள் பக்கத்தில் வேண்டும். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.