காரைக்குடி மச்சானுக்கு 24 லேபிள்

(பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. மதியம் மூன்று மணி வெயில். ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் 33 வருஷம் கடிதம் பிரித்து ஓய்வுபெற்ற பெரியவர் மஞ்சள் பையுடன் வருகிறார். பைக்குள் ஸ்டீல் ஸ்கேல். ஏன் என்று கேட்காதீர்கள், அவர் பெண் பார்க்கப் போனபோதும் அது பையில் இருந்தது.)

கடைக்காரம்மா: வாங்க சார். ஜெராக்ஸா, பிரிண்ட்டா?

பெரியவர்: லேபிளம்மா. பேத்தி கல்யாணம். பத்திரிகை உறையில் ஒட்ட 241 முகவரி. "வீட்டு பிரிண்டரிலேயே அடிக்கலாம் மாமா" என்று தங்கச்சி பையன் நேற்று ராத்திரி உட்கார்ந்தான். உதிரியாக 13 தாள் வாங்கினேன். மிச்சம் பத்து.

கடைக்காரம்மா: மூன்று தாள் என்ன ஆச்சு?

பெரியவர்: (ஒரு தாளை நீட்டி) நீயே பார்.

கடைக்காரம்மா: 24 லேபிளிலும் ஒரே ஆளா?

பெரியவர்: காரைக்குடி மச்சான். பட்டியலில் முதல் பேர்.

கடைக்காரம்மா: முழுத் தாளுக்கும் ஒரே முகவரி என்று கொடுத்து அடித்திருக்கிறார். கம்பெனிக்காரர்கள் அனுப்புநர் முகவரி அடிக்கிற வழி அது.

பெரியவர்: 24 பத்திரிகை போனாலும் அந்த மனுஷன் "எனக்கு நேரில் வந்து வைக்கவில்லை" என்றுதான் சொல்வார். என் பையன் கல்யாணத்துக்குத் தபாலில் அனுப்பினேன். இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் பாயசம் பரிமாறும் நேரத்தில் அந்தப் பேச்சு வரும்.

கடைக்காரம்மா: அடுத்த தாளில் ஒரே ஒரு லேபிள்தான் அடித்திருக்கிறது. அதையும் உரித்துவிட்டீர்களா?

பெரியவர்: சின்ன மாமா முகவரி. சரியாக வந்த ஒன்றை விடுவானேன் என்று உறையில் ஒட்டப் போனேன், கிழிந்துவிட்டது. மற்ற 23 ஏன் வெறுமையாக வந்தது?

கடைக்காரம்மா: வேர்டில் முதல் லேபிளில் பேர், தெரு, ஊர் என்று சேர்த்த பிறகு "அப்டேட் லேபிள்ஸ்" அழுத்தணும் சார். அப்போதுதான் அதே அமைப்பு மற்ற கட்டங்களுக்கும் போகும். இரண்டாவது லேபிளிலிருந்து ஒவ்வொன்றின் தலையிலும் "நெக்ஸ்ட் ரெக்கார்டு" என்று ஒன்று இருக்கும். அடுத்த ஆளைக் கூப்பிடுகிற வேலை அதனுடையது.

பெரியவர்: டாக்டர் வீட்டு டோக்கன் மாதிரி. எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறான், ஒருத்தருக்கும் நாற்காலி போடவில்லை. சரி, மூன்றாவது தாளையும் பார்த்துவிடு. அதில் 24 பேர் வந்திருக்கிறார்கள், ஆனால் அத்தனை பேருக்கும் முன்னால் ஏதோ இங்கிலீஷில் இனிஷியல்.

கடைக்காரம்மா: (பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்) ஜே, பி, யூ. அது இனிஷியல் இல்லை சார், "திரு". அதை மட்டும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் "திரு" இப்படித்தான் தெரியும். எங்கேயும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றிவிடுகிறேன், ஐந்து நிமிஷம்.

பெரியவர்: நல்லவேளை. எங்கள் வம்சத்தில் ஜே.பி.யூ. யாரென்று வீட்டில் ராத்திரியெல்லாம் ஆராய்ச்சி.

(பட்டியல் மாறுகிறது. கடைக்காரம்மா வேர்டைத் திறந்து மெயிலிங்ஸ், லேபிள்ஸ், நியூ லேபிள் என்று போகிறார். பெரியவர் ஸ்கேலை உருவுகிறார்.)

கடைக்காரம்மா: தாள் அட்டையில் அளவு போட்டிருக்குமே?

பெரியவர்: அட்டை கடைக்காரனிடமே இருக்கிறது. நான்தான் உதிரியாக வாங்கினேனே. அளவைச் சொல்கிறேன், எழுதிக்கொள். ஒரு லேபிள் அகலம் 64 மில்லிமீட்டர், உயரம் 34. குறுக்கே மூன்று, கீழே எட்டு.

கடைக்காரம்மா: இடப்பக்க ஓரம்?

பெரியவர்: 6. மேல் ஓரம் பன்னிரண்டரை.

கடைக்காரம்மா: பிட்ச்?

பெரியவர்: லேபிளுக்கும் லேபிளுக்கும் நடுவில் 3.

கடைக்காரம்மா: பாதிப் பேர் விழுகிற குழி இதுதான் சார். பிட்ச் என்பது நடுவில் இருக்கும் இடைவெளி இல்லை. ஒரு லேபிளின் இடது ஓரத்திலிருந்து அடுத்ததின் இடது ஓரம் வரைக்கும். 64ம் 3ம் சேர்த்து 67.

பெரியவர்: தூணுக்குத் தூண் அளக்கிற மாதிரி. அப்படிச் சொல். கீழ்நோக்கி இடைவெளியே இல்லை, அப்போது 34தான். எட்டு 34 என்றால் 272. மேலே பன்னிரண்டரை, கீழே பன்னிரண்டரை. 297! ஏ4 தாள் கணக்குச் சரியாக வந்துவிட்டது.

கடைக்காரம்மா: நீங்களே கடை வைக்கலாம்.

பெரியவர்: பையன் அடித்ததில் மேல் வரிசை சரியாகத்தான் விழுந்திருக்கிறது. போகப்போக ஏறி ஏறி, கடைசி வரிசையில் பேர் ஒரு லேபிளில், பின்கோடு ஒரு லேபிளில். அது ஏன்?

கடைக்காரம்மா: பிரிண்டரில் "தாளுக்குப் பொருந்தும்படி" என்று ஒன்று விழுந்திருக்கும். நூற்றுக்கு மூன்று சுருங்கினால் முதல் வரிசையில் தெரியாது, எட்டாவது வரிசையில் ஏழெட்டு மில்லிமீட்டர் ஏறிவிடும். நூறு சதவீதத்தில்தான் அடிக்கணும். முதலில் வெள்ளைத் தாளில்.

(வெள்ளைத் தாளில் அடிக்கிறார். லேபிள் தாளின் மேல் வைத்து இரண்டையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார்கள். பின்னால் ஆதார் நகல் எடுக்க வந்தவரும் அண்ணாந்து பார்க்கிறார். எல்லா எழுத்தும் கட்டத்துக்குள்.)

கடைக்காரம்மா: இந்த அளவைப் பேர் கொடுத்துச் சேமித்துவிடுகிறேன். அடுத்த தடவை அளக்கவே வேண்டாம்.

பெரியவர்: இரு. அந்த வரிசையில் என்ன எழுதியிருக்கிறது? "கோயில் புதுசு", "கோயில் புதுசு சரியானது", "கடைசி", "கடைசி 2", "இதை எடுக்காதே".

கடைக்காரம்மா: எடுத்தால் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழும்.

பெரியவர்: பிறகு ஏன் வைத்திருக்கிறாய்?

கடைக்காரம்மா: எதை எடுக்கக் கூடாதென்று தெரியவேண்டாமா?

பெரியவர்: பிரிக்கிற அலமாரியில் இப்படிப் பேர் எழுதியிருந்தால் கும்பகோணம் கடிதம் காசிக்குப் போய் முங்கிவிட்டு வந்திருக்கும். எழுது: ஏ4, 64க்கு 34, 3க்கு 8. ஆள் மாறினாலும் புரியணும்.

(எழுதுகிறார். பட்டியலை இணைக்கிறார். முகம் மாறுகிறது.)

கடைக்காரம்மா: சார், "பெயர்" என்று வரவேண்டிய இடத்தில் உங்கள் காரைக்குடி மச்சான் உட்கார்ந்திருக்கிறார்.

பெரியவர்: எங்கே போனாலும் முதல் வரிசையில் போய் உட்காருகிற பழக்கம் அவருக்கு.

கடைக்காரம்மா: எக்செல்லில் தலைப்பு வரிசையே போடவில்லை. முதல் வரிசையைத் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தத் தாளில் சின்ன மாமாவிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. நான் கவனிக்காமல் அடித்திருந்தால் 240தான் வந்திருக்கும், மச்சானுக்கு லேபிளே இல்லை.

பெரியவர்: (நெஞ்சில் கை வைத்து) தாயே!

கடைக்காரம்மா: தலைப்பு போட்டாச்சு. பின்கோடு தனி நெடுவரிசையில் இருப்பதால் அந்த எண் வரிசைப்படியே அடுக்கவா?

பெரியவர்: கட்டாயம். 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது பின்கோடு. 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். முதல் மூன்று எண்ணில் எந்த வட்டாரம் என்று பிரித்துவிடலாம், கடைசி மூன்று பட்டுவாடா ஆபீஸ். கும்பகோணம் 612, மதுரை 625, நாகர்கோவில் 629. கட்டு கட்டாகப் போனால் பிரிக்கிறவன் வாழ்த்துவான்.

கடைக்காரம்மா: ஆதார்க்காரர் காத்திருக்கிறார் சார். இன்னொரு சிக்கல். ஒரு தாளில் 24, பத்துத் தாளில் 240. நம்மிடம் 241.

பெரியவர்: அந்த 23 வெறும் லேபிள் இருக்கிற தாளில் ஒன்றை அடித்துவிடு.

கடைக்காரம்மா: உரித்த தாளை லேசர் பிரிண்டரில் விடமாட்டேன். சூட்டில் பக்கத்து லேபிள் பிய்ந்து உள்ளே உருளையில் ஒட்டிக்கொண்டால், மெக்கானிக்குக்கு நீங்கள்தான் மொய் எழுதணும்.

(இருவரும் பேசாமல் இருக்கிறார்கள். மின்விசிறிக் காற்றில் முதல் தாள் மேஜையிலிருந்து பறந்து பெரியவர் மடியில் விழுகிறது.)

பெரியவர்: இவர் ஒருத்தரைப் பட்டியலில் டிக் எடுத்துவிட முடியுமா?

கடைக்காரம்மா: முடியும். எடுத்தாச்சு. 240. பத்துத் தாள், கச்சிதம்.

பெரியவர்: இதில் மேல் வரிசை மூன்றும் பழுதில்லை. ஒன்றை உரித்துக்கொள்கிறேன். தபாலில் போட்டால் சண்டை வரும், நாளைக்கே நேரில் போய் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

கடைக்காரம்மா: நேரில் போகிறவருக்கு லேபிள் எதற்கு சார்?

பெரியவர்: (லேபிளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படிக்கிறார்) "பழைய பஸ் ஸ்டாண்டு பின்புறம், இரண்டாவது சந்து, வேப்பமரம் தாண்டி பச்சைக் கேட்டு." வழி தெரியவேண்டாமா?