பயிற்சி வகுப்பு போதும், பணத்தைக் கொடுங்கள்

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் தொழில் முயற்சிக்கு உதவுகிறோம் என்று கிளம்பும் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கொடுப்பது ஒரு பயிற்சிப் பட்டறை, ஒரு சான்றிதழ், மேடையில் ஒரு போட்டோ. கடை போட வேண்டியவருக்குத் தேவை முதலீட்டுப் பணம். அதைக் கொடுக்க மட்டும் கை வருவதில்லை.

திறமைக்கு அங்கே என்றுமே பஞ்சம் இல்லை. துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகள் மேகி லீனா வாக்கர், 1903-இல் ரிச்மண்ட் நகரில் வங்கியே தொடங்கினார். எனக்கு அதைவிடப் பிடித்தது ஜார்ஜியா கில்மோரின் கதை. 1955 டிசம்பரில் மான்ட்கோமெரி நகரில், கறுப்பினத்தவரைத் தனியே உட்காரச் சொன்ன பேருந்துகளைப் புறக்கணிக்கும் போராட்டம் தொடங்கியபோது அவர் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தார். தோழிகளோடு கோழி சாண்ட்விச்சும் கேக்கும் செய்து விற்று, போராட்டக்காரர்களை ஏற்றிச்சென்ற கார்களுக்குப் பெட்ரோல் காசு திரட்டினார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று சொல்ல வசதியாக, குழுவுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள்! போராட்டத்தில் இறங்கியதால் வேலை போயிற்று. மார்ட்டின் லூதர் கிங் அவருக்குத் தொழில் பாடம் எடுக்கவில்லை. சொந்தமாகச் சமைத்து விற்கச் சொல்லி, அடுப்படிக்கு வேண்டியதை வாங்கப் பணமும் கொடுத்தார். வீடே உணவகமானது. கிங்கும் அங்கே வந்து சாப்பிடுவார்.

எல்லோருக்கும் ஒரு கிங் கிடைப்பாரா? வழக்கமாக முதல் பணம் குடும்பத்திலிருந்துதான் வரும். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் 2022 கணக்கெடுப்பின்படி, வெள்ளையினக் குடும்பங்களைச் சொத்து வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரிடம் இருப்பது சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களில் அதே இடத்தில் நிற்பவரிடம் சுமார் 45,000. இதில் யார் மகளுக்கு வீட்டை அடகு வைத்துக் கொடுப்பது? போதாக்குறைக்கு, தொழில்கடன் கேட்கும் பெண்ணிடம் ஆண் உறவினரின் கையெழுத்தைக் கேட்கும் வழக்கமும் வெகுகாலம் இருந்தது. புது நிறுவனங்களில் பங்குக்காகப் போடும் துணிகர முதலீட்டில் கறுப்பினப் பெண்களுக்குப் போவது இன்றும் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

இந்த இடத்தில்தான் அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் வந்தது. கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு 20,000 டாலர் மானியம். 2023-இல், இனம் பார்த்துச் சலுகை தருவதை எதிர்ப்பவரான எட்வர்ட் ப்ளூமின் அமைப்பு வழக்குப் போட்டது. கையில் எடுத்த சட்டம் எது தெரியுமா? அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களும் வெள்ளையர்களைப் போல ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பதற்காக 1866-இல் வந்த குடிமை உரிமைச் சட்டம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூனில் மானியத்தைத் தடுத்தது. செப்டம்பரில் சமரசம் பேசி மானியத் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

இனம் பார்த்து மற்றவர்களை விலக்கினால் அதுவும் பாகுபாடுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தின் வரிகளை மட்டும் படித்தால் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் மற்ற முதலீடெல்லாம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் இந்த 20,000 டாலரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

நம்மவர்கள் சிலர் இந்த வழக்குச் செய்திக்குக் கீழே ‘திறமை இருந்தால் வரட்டும்’ என்று எழுதுகிறார்கள். சரி, ஒரு பழைய சங்கதி. அரசு ஒப்பந்தங்களில் சலுகை தருவதற்காக அமெரிக்க அரசின் சிறுதொழில் துறை வைத்திருந்த ‘பின்தங்கிய குழுக்கள்’ பட்டியலில் 1982-இல் இந்திய வம்சாவளியினரும் சேர்க்கப்பட்டார்கள். அப்படிச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டதே இந்திய வம்சாவளியினரின் சங்கம்தான். அந்தக் கதவைத் திறந்து வைத்தது கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம்.

அங்கே கம்பெனிகளில் கொள்முதல் பிரிவில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ‘பன்முகத்தன்மை’ கூட்டத்துக்குக் கறுப்பினப் பெண் தொழில்முனைவோரைப் பேசக் கூப்பிடுவதற்குப் பதில், மதியச் சாப்பாட்டு ஆர்டரை அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள். பில்லை மூன்று மாதம் இழுத்தடிக்காமல் முப்பது நாளுக்குள் பணத்தைக் கட்டுங்கள்.