முப்பது லைஃப் போட்டு முடித்தவர் கான்ட்ராவை ஆடவே இல்லை

கான்ட்ரா என்ற பழைய துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமைக் குறை சொல்லும் அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுசாகப் பார்த்துவிட்டேன். "கான்ட்ராவில் அப்படி என்னதான் இருக்கு, அரை மணி நேரத்துல முடிச்சாச்சு, எல்லாம் சின்ன வயசு ஞாபகம் பண்ற வேலை" என்கிறார் அதில் பேசுபவர். கீழே ஆயிரம் பேர் ஆமாம் போடுகிறார்கள். அவர் பெயரை இங்கே போட மாட்டேன், நீங்களும் போடாதீர்கள்.

ஆனால் வீடியோவின் தொடக்கத்தைத் திரும்பப் பாருங்கள். டைட்டில் திரை நகர்ந்து வந்து நிற்பதற்குள் அவர் என்ன அழுத்துகிறார்? மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. மூன்றுக்குப் பதில் முப்பது லைஃப், அதாவது முப்பது உயிர், தரும் ரகசியக் கோட் (code) அது. போதாததற்கு நடுவில் ரீவைண்டும் செய்கிறார், அதாவது ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டித் திரும்ப ஆடுகிறார். கேரம் போர்டில் காய்களைக் கையால் தள்ளிக் குழியில் போட்டுவிட்டு, இந்த ஆட்டத்தில் ஒன்றுமில்லை என்று சொல்வதைப் போலத்தான் இது.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், 1988-இல் நின்டெண்டோவின் என்இஎஸ் மெஷினுக்கு கோனாமி கம்பெனி செய்த இந்த ஆட்டம் மொத்தமும் மூன்று லைஃபைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு குண்டு பட்டால் சாவு. செத்தால் ஸ்டேஜின் தொடக்கத்துக்குப் போக மாட்டீர்கள், அதே திரையில் மேலிருந்து விழுவீர்கள், சில நொடிகள் எதுவும் உங்களைத் தொடாது. முப்பது லைஃப் இருந்தால் இதுவே குறுக்குவழி: செத்துச் செத்தே நடந்து போய்விடலாம். மூன்று லைஃபில் அது நடக்காது. லைஃப் எல்லாம் தீர்ந்தபின் தொடர்ந்து ஆடத் தரும் கன்டினியூவும் எண்ணி வைத்ததுதான்.

சாவின் உண்மையான தண்டனை லைஃப் குறைவது கூட இல்லை, கன் போவது. வழியில் வரும் எழுத்தை எடுத்தால் அந்த எழுத்துக்கான கன் கிடைக்கும். எஸ் கன் கையில் இருக்கும்போது ஐந்து குண்டு விரிந்து போகும். செத்தால் பழைய ஒற்றைக் குண்டு. பனி ஸ்டேஜில் எஸ் கன்னை இழந்துவிட்டு அந்தக் கவச வண்டிகளை ஒற்றைக் குண்டால் அடித்துப் பார்த்தவருக்குத்தான் இந்த ஆட்டம் தெரியும். வீடியோவில் அவர் எஸ் கன்னோடு ஓடிக்கொண்டிருந்தவர், வழியில் வந்த, லேசர் தரும் எல் எழுத்தை எடுக்கிறார்! எடுத்துவிட்டு "லேசர் வேஸ்ட்" என்கிறார். லேசரில் பட்டனைத் திரும்ப அழுத்தினால் போய்க்கொண்டிருக்கும் கதிர் அறுந்து புதிதாகத் தொடங்கும். அவர் படபடவென்று அழுத்திக்கொண்டே இருக்கிறார், கதிர் எதிரியைப் போய்ச் சேரவே இல்லை. ஒரு முறை அழுத்தி, அது போய்ப் படும்வரை மறுபடி அழுத்தாமல் இருக்க வேண்டும். எம் கன்னுக்கு, அதாவது மெஷின் கன்னுக்கு, நேர்மாறு: அழுத்திப் பிடித்தாலே போதும். எஃப் கன்னின் நெருப்புக் குண்டு சுழன்று சுழன்று மெதுவாகப் போகும், அவசரத்துக்கு உதவாது.

எஸ் கன்னிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே நேரத்தில் திரையில் இத்தனை குண்டுதான் இருக்கலாம் என்று வரம்பு இருக்கிறது. தூரத்தில் நின்று சுட்டால் அவை திரையை விட்டுப் போகும்வரை அடுத்த சுற்று வராது, விரிந்த ஐந்தில் ஒன்றிரண்டுதான் படும். பாஸ், அதாவது ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரி, பக்கத்தில் போய் ஒட்டி நின்று சுட்டால் ஐந்தும் படும், பட்டவுடன் மறையும், உடனே அடுத்தது. ஆபத்தான இடத்தில்தான் பலம் அதிகம். யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை இது.

முதல் ஸ்டேஜில் தண்ணீரில் இறங்கிக் கீழே அழுத்தினால் முங்கிவிடலாம், குண்டு படாது, ஆனால் சுடவும் முடியாது. ஒரே இடத்தில் நின்றால் ஓடிவரும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், ஆகவே நகர்ந்தாக வேண்டும். வீடியோவில் ஒரு முறை கூட அவர் முங்கவில்லை. தேவைப்படவில்லை, முப்பது லைஃப் இருக்கிறதே.

"அந்த ரகசியக் கோட் கம்பெனியே வைத்ததுதானே, பயன்படுத்தினால் என்ன தப்பு?" இது வரும் என்று தெரியும். அதை முதலில் வைத்தவர் கோனாமியின் கஸுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-இல் கிரேடியஸ் என்ற விண்வெளி ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு (என்இஎஸ்ஸின் ஜப்பான் வடிவம்) மாற்றும்போது, சோதித்துப் பார்க்கத் தனக்கே ஆட்டம் கஷ்டமாக இருந்ததால் வைத்துக்கொண்டார். அதாவது அது சோதனைக் கருவி. எட்டாவது ஸ்டேஜ் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படும் பிள்ளை அதைப் போடட்டும், தாராளமாக. தீர்ப்பு சொல்ல வருகிறவர் போடக் கூடாது.

"கிராஃபிக்ஸ் மினுக்கு மினுக்கு என்கிறது" என்பதற்கு நீளமான பதில் தேவையில்லை. திரையின் ஒரு கிடைவரியில் எட்டு ஸ்பிரைட்டுக்கு (நகரும் சிறு உருவம்) மேல் அந்த மெஷின் காட்டாது, அதனால்தான் அந்த மினுக்கல். எட்டு ஸ்டேஜும் இசையும் சேர்ந்து மொத்தம் 128 கிலோபைட். அவர் வீடியோவின் தம்ப்நெய்ல் அதைவிடப் பெரிது.

"ஜம்ப் லேட்டாகிறது" என்பது டிவியின் குறை. அந்தக் காலத்துப் பெட்டி டிவியில் அந்தத் தாமதம் கிடையாது. இப்போதைய டிவியில், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போடாமல் 100 மில்லிசெகண்ட் தாமதம் வந்தால், நொடிக்கு அறுபது ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் ஆறு ஃபிரேம் போச்சு. இதைச் சரிபார்க்காமல் கன்ட்ரோல் மோசம் என்று சொல்வது நியாயமா?

இருவர் சேர்ந்து ஆடக்கூடிய ஆட்டத்தை அவர் தனியாக ஆடினார் என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. மூன்றாவது ஸ்டேஜ் அருவி. திரை மேல்நோக்கி ஏறும். முன்னால் குதிப்பவர் திரையை இழுத்துக்கொண்டு போவார், பின்தங்கியவரின் கால் திரையின் அடிவிளிம்புக்குக் கீழே போனால் லைஃப் காலி. குண்டு போடாமலே கூட்டாளியைக் கொல்லலாம். அதனால் பேசிக்கொண்டே ஏற வேண்டும்: "நில்லுடா, நான் வரேன்", "இப்ப குதி". எஸ் எழுத்து விழுந்தால் ஒருவருக்குத்தான், யார் எடுப்பது என்பதில் அண்ணன் தம்பி இரண்டு நாள் பேசாமல் இருந்த வீடுகள் எத்தனை. கேசட் யாருடையதோ, டிவி யாருடையதோ, இரண்டாவது ரிமோட் பட்டன் அமுங்காதது, ஆனாலும் இருவர். "நீங்கள் எல்லாம் ஆடியதே டூப்ளிகேட் கேசட்" என்று அங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், அந்த மெஷின்களும் கேசட்டுகளும் பெரும்பாலும் நகல்தான். எங்கள் ஊர்க் கடையில் கிடைத்தது அதுதான், அப்பாவின் சம்பளத்துக்கு எட்டியதும் அதுதான். அதனால் எங்கள் விரல் கற்றது பொய்யாகிவிடுமா? அருவியில் காத்திருந்து ஏறியது பொய்யா?

சின்ன வயசு ஞாபகம் என்று ஒதுக்குகிறவர்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, கேம் மோட் போட்டு, ரகசியக் கோட், ரீவைண்ட் இரண்டும் இல்லாமல் ஏழாவது ஸ்டேஜின் முள் சுவர்கள் வரை போய்விட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறேன். அதுவரை அந்த வீடியோ லிங்க்கை இந்தப் பதிவுக்குக் கீழே யார் போட்டாலும் நீக்கிவிடுவேன்.