பெல்ஃபாஸ்ட் கிரவுன் பார்: உள்ளே இருப்பதையும் சொல்லுங்கள்

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் இருக்கும் பழைய மதுக்கடை கிரவுன் பார். அதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை அந்தக் கடையின் வெளிப்புற வண்ண ஓடுகளை நன்றாகவே விவரித்திருக்கிறது. ஆனால் கடையின் உயிர் உள்ளேதான் இருக்கிறது. பெல்ஃபாஸ்டில் வேலை பார்த்த காலத்தில் பலமுறை போயிருக்கிறேன். நான் குடிப்பதில்லை, ஆட்டிறைச்சி ஸ்டூ சாப்பிடத்தான் போவேன்.

A முதல் J வரை எழுத்திட்ட பத்து மரத்தடுப்பு அறைகள். கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே யாருக்கும் நம் முகம் தெரியாது. விக்டோரியா காலத்தில் குடிப்பது தெரியக்கூடாது என்று நினைத்தவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. பணியாளரை அழைக்க மணி உண்டு. சுவரில் சின்ன உலோகத் தகடு ஒன்று, தீக்குச்சி உரசுவதற்காக. விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். மேலே இன்றும் எரிவது காஸ் விளக்கு.

தேவாலய வேலைக்கு வந்த இத்தாலியக் கைவினைஞர்கள் மாலை நேரங்களில் இதைச் செய்து கொடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அந்த மரச்செதுக்கலைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

எதிரே யூரோப்பா ஹோட்டல். வட அயர்லாந்தின் அரசியல் கலவர ஆண்டுகளில் முப்பது தடவைக்கு மேல் குண்டுவெடிப்புக்கு ஆளான கட்டடம். பலமுறை அந்த அதிர்ச்சி இந்தப் பாரையும் தாக்கியது, கண்ணாடிகள் நொறுங்கின. அப்படிப்பட்ட சமயத்தில், 1978-இல், பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இதை வாங்கியது. கவிஞர் ஜான் பெட்ஜமன் அதற்காக வாதாடினார். ஒரு மதுக்கடையை நாட்டின் பாரம்பரியச் சொத்தாக மதித்துக் காப்பாற்றிய அந்த முடிவுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். கட்டுரையில் அதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.